கோலப்புள்ளியில் வெட்டிய ஜாக்கெட்: கடைமடையில் ஒரு தையல் வகுப்பு

தலைஞாயிறுக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்தில், விவசாயக் கூலிப் பெண்களுக்கு நடந்த தையல் பயிற்சியைப் பற்றிய பதிவு இது. ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய வகுப்பு. நாடகம், பாட்டு வழியாகக் கற்பிப்பதில் பழக்கம் உள்ளவன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது. சின்ன ஊர்; ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும்.

முதலில், இவர்கள் ஏன் தையலுக்கு வந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வழக்கப்படி மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வது எப்போது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நாற்று விட்டுக் காத்திருந்து நஷ்டப்பட்டவர்கள், சம்பாவுக்கு நேரடி விதைப்புக்கு மாறிவிட்டார்கள். நாற்றங்கால் இல்லையென்றால் நாற்றுப் பறிப்பு இல்லை, நடவு இல்லை. அறுவடைக்கு மிஷின் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஆக, ஒரு பெண்ணுக்கு நெல் வயலில் மிஞ்சியது களையெடுப்பு மட்டும்தான். அதையும் களைக்கொல்லி பாதி பறித்துக்கொண்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது கூரைகளோடு தென்னந்தோப்புகளும் போயின. தோப்பில் கிடைத்துவந்த கீற்று முடையும் வேலையும் அதோடு சுருங்கியது. இளசுகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். போக முடியாதவர்கள் நாற்பதை ஒட்டிய பெண்கள். வீட்டில் மாமியாரோ பேரப்பிள்ளையோ இருக்கும், விட்டுவிட்டுப் போக முடியாது.

தையல் என்றால் கையில் ஒரு கணக்கு இருந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத்தான் தைக்கிறார்கள். உறுப்பினராகச் சேர முடிந்தால் ஆண்டில் சில மாதங்களுக்கு வேலை. அது கிடைக்காவிட்டாலும் ஊரில் ஜாக்கெட் தைக்க ஆள் வேண்டியிருந்தது. அரசு தரும் இலவசத் தையல் மிஷினுக்கு விண்ணப்பிக்கவும் தையல் தெரியும் என்று சான்று வேண்டும்.

கூட்டம் வந்தது, வகுப்புக்கு ஆள் வரவில்லை

தொடக்க நாள் தடபுடலாக நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு கலைக்குழு வந்தது. கரகம், ஒயில், நடுவில் ஒரு விழிப்புணர்வு நாடகம். ஊரே திரண்டது. அன்று மாலையே பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். அடுத்த வாரம் வகுப்பில் பாதிப் பேர்கூட இல்லை. அதற்கடுத்த வாரம் இன்னும் குறைந்தது.

நிறுவனத்தின் பக்கமிருந்து வந்த விளக்கம், "ஆர்வம் இல்லை" என்பது. நான் அதை ஏற்கவில்லை. பெயர் கொடுத்த பெண்களின் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பேசியபோது வேறு காரணங்கள் வந்தன. வகுப்பு நடந்த சமுதாயக் கூடம் குடியானத் தெருவில் இருந்தது. பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் காலனிப் பெண்கள். அந்தக் கூடத்துக்குள் போகக்கூடாது என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ஆனால் அங்கே போய் நாற்காலியில் உட்காரக் கால் வரவில்லை என்றார்கள். கூலி உயர்வு கேட்ட தகராறில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை உயிரோடு எரித்த கீழ்வெண்மணியும் இதே கீழத்தஞ்சைதான். கூடத்தில் எல்லோருக்கும் இடம் உண்டு என்று ஒரு அறிவிப்பு ஒட்டினால் தீர்ந்துபோகும் தயக்கமில்லை இது.

இரண்டாவது, நேரம். காலை 10 மணி வகுப்பு. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் காலையிலும் மதியமும் வருகைப் பதிவுக்கான செல்போன் போட்டோவுக்கு வேலையிடத்தில் நிற்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அன்றைய கூலி போச்சு.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் ஒரு அட்டவணை எழுதியிருக்கிறார்கள். மார்பளவு, நாலில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் சொன்னார்: "எனக்கு அஞ்சாவதுலயே கணக்கு வராது டீச்சர்னுதான் படிப்ப நிறுத்துனாங்க. இப்ப மறுபடியும் அதே பலகை."

2011 கணக்கெடுப்புப்படி டெல்டா மாவட்டங்களில் எழுத்தறிவு 80 சதவீதத்துக்கு மேல். மீதி உள்ளவர்கள் யார் என்று கேட்டால், பெரும்பாலும் இந்தப் பெண்களும் இவர்களைப் போன்றவர்களும்தான். கையெழுத்துப் போடுவார்கள், பஸ் பலகை படிப்பார்கள். ஆனால் பலகை, சாக்பீஸ், வரிசை நாற்காலி என்றாலே பள்ளிக்கூடத்தில் பட்டது நினைவுக்கு வந்துவிடும். தொடக்க நாளின் கரகாட்டத்துக்கும் இந்தப் பலகைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆட்டம் ஆடி அழைத்து வந்து, அவர்கள் எதிலிருந்து ஓடினார்களோ அதன் முன்னாலேயே உட்கார வைத்தோம்.

எந்தக் கலை, யாருடைய கலை

வகுப்பைக் காலனிக்குள் மாரியம்மன் கோயில் கொட்டகைக்கு மாற்றி, நேரத்தை மூன்று மணிக்குத் தள்ளினார்கள். சரி, இனி கலையை எப்படிக் கொண்டுவருவது என்ற பேச்சு வந்தது. நிறுவனத்திலிருந்து வந்தவர் சொன்ன யோசனை, பறை. உள்ளூர் இளைஞர்கள் பறையடித்து வகுப்புக்கு அழைக்கட்டும், சுற்று வட்டாரமே அறியும் என்றார்.

காலனிப் பெரியவர் ஒருவர் எழுந்து, "சாவுக்கு அடிச்சது போதும் சார். எங்க புள்ளைவோ கையில அத மறுபடியும் குடுக்காதிய" என்றார். பேச்சு அங்கேயே நின்றது. நிற்க வேண்டியதுதான்.

பறையைப் பெருமையோடு கையில் எடுத்தவர்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை மேடையேற்றி, அடிமைத்தனத்தின் சின்னம் என்று சொல்லப்பட்டதை விடுதலையின் இசையாக்கினார்கள். அது அவர்களாக எடுத்த முடிவு. இந்த ஊரில் பறை இன்னும் துட்டி வீட்டுக்கும் கட்டாயத்துக்கும் நடுவிலேயே நிற்கிறது. வெளியிலிருந்து வந்த நாம் அதை "பாரம்பரியக் கலை" என்று சொல்லி நீட்டினால் அவர்கள் காதில் பழைய உத்தரவுதான் விழும். ஒரு சமூகத்தின் கலை என்று நாம் கருதுவதை அவர்கள் தங்களுடையது என்று கருதுகிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும். இந்த வகுப்பில் அந்தக் கேள்வியைப் பெரியவரே கேட்டுவிட்டார்.

பெண்களிடம் கேட்டோம், உங்களுக்கு எது நன்றாக வரும் என்று. "ஒண்ணும் வராது" என்பதுதான் முதல் பதில். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர், "அதுக்கு நடவுப் பாட்டு நல்லா வரும்" என்று பக்கத்தில் இருந்த அக்காவைக் காட்டினார். அந்த அக்கா பல வருஷம் நடவு செட்டுக்குத் தலைவியாக இருந்தவர். மா என்ற நில அளவுக் கணக்கில் கூலி பேசி, வந்த ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தவர். ஒரு வேலிக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி என்ற கணக்கெல்லாம் அவருக்கு விரல் நுனியில். அவரும் கணக்கு வராது என்று சொன்னவர்களில் ஒருவர்!

புள்ளி வைத்த இடம்

மார்கழி பிறந்திருந்த சமயம். வகுப்புக்கு வராமல் நின்றுபோன ஒருவரின் வாசலில் பெரிய கோலம் கிடந்தது. எத்தனை புள்ளி என்று கேட்டேன்.

"பதினஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி. எட்டுல நிறுத்தணும்."

நடு வரிசையில் பதினைந்து வைத்து, இரண்டு பக்கமும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து எட்டில் முடிப்பது. மொத்தம் எத்தனை புள்ளி என்றேன். எண்ணியதில்லை என்றார். அப்புறம் அவராகவே குனிந்து நடுப்புள்ளியைத் தொட்டார். நடுவில் ஒன்று. அதைச் சுற்றி ஆறு. அதற்கு வெளியே பன்னிரண்டு. அடுத்த சுற்று பதினெட்டு. "ஒவ்வொரு சுத்துக்கும் ஆறு ஆறு ஏறும்" என்று சொல்லிக்கொண்டே ஏழு சுற்றும் போய், வெளிச்சுற்றில் 42 என்று நிறுத்தினார். எல்லாம் கூட்டினால் 169. வாய்க்கணக்கில் கூட்டியது அவரும் அவர் மகளும் சேர்ந்து. சரிபார்க்க எனக்குத்தான் பேப்பர் தேவைப்பட்டது.

மறுநாள் தையல் டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார். இந்த வகுப்பு தேறியதில் பெரும்பங்கு அவருடையது. பழுப்புக் காகிதத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக வைக்கச் சொன்னார். ஸ்கேல் தேவைப்படவில்லை, டேப்பில் ஒரு அங்குலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அதே இடைவெளியில் மளமளவென்று புள்ளி வைத்துக்கொண்டே போனார்கள். 36 மார்பளவுக்கு, துணியை மடித்துப் போட்டால் ஒன்பது புள்ளி அகலம். தையலுக்கு ஒன்றரை கூட. கழுத்துக்கு மூன்று புள்ளி, கை இணையும் வளைவுக்கு ஆறு புள்ளி இறக்கம்.

அந்த வளைவில்தான் புதிதாகத் தைக்கிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். தையல்காரர்கள் ஆம்ஹோல் என்பார்கள். நேராக வெட்டிவிட்டால் அக்குளில் இழுக்கும், ஆழமாக வெட்டிவிட்டால் தோள் தொங்கும். புத்தகத்தில் அம்புக்குறி போட்டு ஏகப்பட்ட விளக்கம் இருக்கும். சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்தப் புள்ளியைத் தொடாமல், அந்தப் புள்ளியைச் சுற்றி, அங்கே போய்ச் சேர் என்று சொன்னால் போதும். கை எடுக்காமல் ஒரே வீச்சில் வளைவு விழுந்தது. டீச்சர் தன் அட்டை மாதிரியை அதன் மேல் வைத்துப் பார்த்தார். ஓரிருவருக்குத்தான் திருத்த வேண்டியிருந்தது.

அரைக்கால் அங்குலம், கால் அங்குலம் என்று டேப்பில் உள்ள சின்னக் கோடுகளைப் படிக்கக் கரும்பலகை தேவைப்படவில்லை. காகிதத் துண்டு ஒன்றை ஒரு அங்குலத்துக்குக் கிழித்து, பாதியாக, மறுபடி பாதியாக, மறுபடி பாதியாக மடித்தார்கள். மூன்றாம் மடிப்பில் அரைக்கால். இது புது உத்தியும் இல்லை. இதே டெல்டாவில், சுவாமிமலையில், சிலை வார்க்கும் ஸ்தபதிகள் தென்னை ஓலைத் துண்டை மடித்து மடித்துத்தான் சிலையின் முகம், மார்பு, இடுப்பு எல்லாவற்றுக்கும் அளவு எடுக்கிறார்கள். அளவுகோல் இல்லாமல் விகிதம் பிடிக்கும் அறிவு இந்த மண்ணில் கைவழியாகவே வந்திருக்கிறது. அதை ஸ்தபதியிடம் பார்த்தால் சாஸ்திரம் என்கிறோம், கூலிக்காரப் பெண்ணிடம் பார்த்தால் நம் கண்ணில் படுவதே இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

பாட்டே பாடம்

நடவுப் பாட்டில் ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாடிக்கொண்டே கை வேலை செய்யும். பாட்டின் வேகம்தான் நடவின் வேகம். பின்தங்கியவரைப் பாட்டே இழுத்துக்கொண்டு போகும். தையலைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. நடவு செட் அக்காவிடம் வெட்டும் வரிசையைச் சொன்னோம். இரண்டு நாள் கழித்து அவர் கட்டிக்கொண்டு வந்தது இது:

மாரளவு முப்பத்தாறு – ஆமா சொல்லு
நாலா மடிச்சா ஒம்பதாச்சு – ஆமா சொல்லு
கழுத்துக்கு மூணு போதும் – ஆமா சொல்லு
தையலுக்கு ஒண்ணரை விட்டு – ஆமா வெட்டு

கடைசி வரியில் "சொல்லு" என்பது "வெட்டு" என்று மாறுகிறது பாருங்கள். அந்த இடத்தில்தான் கத்தரி துணியில் இறங்க வேண்டும், அதற்கு முன்னால் இல்லை. அவசரப்பட்டுத் துணியைப் பாழாக்குவது அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. அளவு மாறினால் பாட்டும் மாறும். 32 என்றால் எட்டு, 40 என்றால் பத்து. மாற்றிப் பாடச் சொல்வதுதான் வகுப்பில் பரீட்சை.

இன்னொரு காரியத்தையும் இந்தப் பாட்டு செய்தது. மாரளவு என்று வாய்விட்டுச் சொல்லவே அவர்கள் கூச்சப்பட்டார்கள். ஊரில் யாரும் உடம்பில் டேப் வைத்து அளவெடுப்பதும் இல்லை; அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். பாட்டில் வந்தபின் அந்தச் சொல் சாதாரணமாகிவிட்டது.

ஆனால் ஒருவரை ஒருவர் தொட்டு அளவெடுக்கும் பாடம் வந்தபோது வகுப்பு நின்றது. குடியானத் தெருவிலிருந்து வந்த சில பெண்கள் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நிற்பவரைப் பார்க்காமல் நின்றார்கள். அதற்கு முன்பே கும்மி தட்டப் பழக்கியிருந்தோம். எதிரில் இருப்பவர் கையில் தட்டினால்தான் கும்மி. கும்மியில் தட்டிய கை அளவெடுக்க வரவில்லை. அவர்களில் இரண்டு பேர் மறுநாளிலிருந்து வரவில்லை. ஒருவர் மட்டும் இருந்தார், அளவெடுத்தார், கடைசிவரை வந்தார். கலை சேர்ந்து பாட வைத்துவிடும், சாதியை அவ்வளவு சுலபத்தில் இறக்கி வைக்காது. கலைநிகழ்ச்சி நடத்திச் சமத்துவம் வந்துவிட்டதாக அறிக்கை எழுதுகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்.

கூலி பேசும் நாடகம்

தைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, காசு கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். இதற்கு நாடகம் போட்டோம்.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1973-ல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோது ஒரு முறையைக் கையாண்டார். பிரச்சினையை நடித்துக் காட்டுவது. தீர்வை நடிகர்கள் சொல்லாமல் நிறுத்துவது. பார்ப்பவர்களில் ஒருவர் எழுந்து வந்து பாத்திரத்தை ஏற்றுத் தன் வழியை நடித்துக் காட்டுவது. அதையே இங்கே செய்தோம். காட்சி சின்னது. தைத்த ஜாக்கெட்டை வாங்க வந்தவர், "அடுத்த மாசம் தர்றேன், ஊருக்குள்ளதான இருக்க" என்கிறார். தைத்தவள் தலையாட்டுகிறாள். நிறுத்து.

முதலில் எழுந்து வந்தவர் சண்டை போட்டார். வாங்க வந்தவராக நடித்தவர், "அப்ப நாளைக்குக் களையெடுக்க வராத" என்று ஒரே போடாகப் போட்டார். கொட்டகை அமைதியானது. வயலும் வீடும் அதே கைகளில் இருக்கும் ஊரில் கடன் சொல்பவரிடம் கறாராகப் பேசினால் கூலி வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடுத்தடுத்து வந்தவர்கள் வேறு வேறு வழி பார்த்தார்கள். கடைசியில் வகுப்பு ஒத்துக்கொண்ட வழி இது: துணி வாங்கும்போதே பாதிப் பணம், அதுவும் எல்லோரும் ஒரே விலை, ஒரே சட்டம். "நான் கேக்கல, எங்க செட்டுல அப்புடித்தான்" என்று சொல்லிவிடலாம். நடவு செட்டில் கூலி பேசிய பழக்கம் இங்கே கைகொடுத்தது. இந்த முடிவை நானோ டீச்சரோ சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரு வாரம்கூட நின்றிருக்காது என்று நினைக்கிறேன்.

என்ன ஆயிற்று

தொடங்கியவர்கள் எல்லோரும் முடிக்கவில்லை. தை அறுவடைக்குப் பிறகு உளுந்து, பயறு பறிக்கும் நாட்களில் கொட்டகை காலியாகத்தான் இருந்தது. அந்த வாரங்களில் வகுப்பை மூடிவைப்பது என்று பின்னால் முடிவெடுத்தார்கள், சரியான முடிவு. ஒருவர் நடுவிலேயே மகளோடு திருப்பூர் போய்விட்டார். முடித்தவர்களில் சிலர் வீட்டிலேயே ஜாக்கெட்டும் சேலைக்கு ஃபால்ஸும் தைக்கிறார்கள். தீபாவளி, பொங்கலுக்குக் கை ஓயாது. மற்ற மாதங்களில் சுமார்தான். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்வது இன்னும் முடிந்தபாடில்லை.

சான்றிதழ் தேர்வில் ஒரு சிக்கல். செய்முறையோடு எழுத்துத் தேர்வும் இருந்தது. கச்சிதமாக ஜாக்கெட் தைப்பவர் "மார்பளவு 34 எனில் அகலம் காண்க" என்ற கேள்வியின் முன்னால் திணறினார். அப்புறம் உதடு அசைந்தது. பாட்டை 34-க்கு மாற்றி முணுமுணுத்து, எட்டரை என்று எழுதினார். மேற்பார்வைக்கு வந்தவர் "பேசக்கூடாதும்மா" என்றார். எழுதத் தெரியாதவரை வாய்மொழியாகக் கேட்டுத் தேர்வு வைத்தால் என்ன குறைந்துவிடும்? செய்முறைத் தொழிலுக்கு இதைக்கூட அனுமதிக்காத தேர்வு, யாருக்காகப் பயிற்சி நடந்ததோ அவர்களைத்தான் வடிகட்டி வெளியே தள்ளுகிறது.

நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. டெல்டாவை ஒட்டிய புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போயின. அதோடு நிற்கவில்லை. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார்கள். கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள், சைக்கிளுக்கென்று பாட்டே இருந்தது. பாட்டும் பாடமும் தெருவும் ஒன்றாகப் போனதால்தான் இன்றும் அதைப் பேசுகிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டருகிலேயே பாடம் நடத்த 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி திட்டத்திலும் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய் அழைத்தன. அழைப்போடு கலையின் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கும் திட்டங்களுக்குத்தான் என் மறுப்பு.

செலவைப் பாருங்கள். தொடக்க நாள் மேடை, பேனர், ஒலிபெருக்கி, வெளியூர்க் குழு எல்லாவற்றுக்கும் ஒதுக்கீடு இருந்தது. வெட்டும் வரிசையைப் பாட்டாகக் கட்டி, வகுப்பு முழுக்க முன்னின்று பாடிய அக்காவுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கீடு இல்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் பயிலுநர் பட்டியலில் இருக்கிறது. தையல் டீச்சருக்குத் தரும் நாள் படியை அவருக்கும் தர வேண்டும், பயிற்றுநர் என்றே பதிவேட்டில் எழுத வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். "கல்வித் தகுதி என்ன என்று போடுவது?" என்று கேட்டிருக்கிறார்கள். நடவு செட் தலைவி, இத்தனை வருட அனுபவம் என்று போடுங்கள் என்று பதில் அனுப்பினேன். அடுத்த அணி சீக்கிரமே தொடங்க இருக்கிறது. அதற்குள் இந்த ஒரு வரியை அவர்கள் சேர்க்க வேண்டும்.